பதிமூன்றாம் கவர்

லோரெய்ன் ஸ்வோபோடாவுக்குப் பயம் ஒன்றும் புதிதல்ல. இருபத்தெட்டு வருடமாக அதை வளர்ப்பு நாயைப்போல் கூடவே வைத்திருப்பவள். பள்ளிப் பேருந்தில் ஏறினால் பிள்ளைகளை மூன்று முறை எண்ணுவாள். ஹாவ்லிக் உயர்நிலைப் பள்ளியின் வினாடி வினா அணியில் இருப்பதே நான்கு பேர். நான்கு பேரை மூன்று முறை எண்ணும் கோச் நெப்ராஸ்கா மாநிலத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. அந்த அணி பட்ட பாடு அப்படி. 1983-இல் பள்ளியின் பட்டறை வாத்தியார் எட்டு அழைப்புமணிப் பொத்தான்களை வாங்கி, மரப்பெட்டி ஒன்றில் ஒயர் கோத்து, விடை தெரிந்தவர் முந்தி அழுத்தும் முதல் பஸ்ஸரைச் செய்தார். ஊரின் கால்பந்து அணி தோற்பதையே தொழிலாக வைத்திருந்ததால், கேள்விக்குப் பதில் சொல்லும் இந்தப் பிள்ளைகள்தான் ஹாவ்லிக்கின் மானத்தைக் காப்பாற்றினார்கள். சோளம் ஏற்றும் லாரி டிரைவர்கூட, "நம்ம பசங்க மண்டலத்துல ஜெயிச்சுட்டாங்களாமே" என்று பெட்ரோல் பங்கில் பேசிக்கொள்வார். பன்னிரண்டாம் எண் அறையின் சுவரில் வருடத்துக்கு ஒரு புகைப்படம் ஏறியது.

1996-இல் எல்லாம் கவிழ்ந்தது. அப்போதைய கோச் கெஸ்லருக்குக் கேள்வி எழுதும் சிநேகிதர் ஒருவர் இருந்தார். மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கேள்விகள் கெஸ்லர் வீட்டுத் தபால் பெட்டிக்கே வந்து சேர்ந்தன. போட்டியில் ஒரு பையன், கேள்வி கேட்பவர் வாய் திறக்கும் முன்பே விடை சொன்னான். அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டது. மூன்று வருடம் அணிக்குத் தடை. கூடைப்பந்து ஆடப் போன இடத்தில்கூட எதிரூர்க்காரர்கள், "விடை தபால்ல வந்துச்சா?" என்று கைதட்டிப் பாடினார்கள். அப்போது லோரெய்ன் இருபத்து நான்கு வயதுத் துணைக் கோச். விசாரணைக் குழு அவளை உட்கார வைத்து, "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" என்று கேட்டது. தெரியாது என்றாள். அது உண்மை. குழுவில் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை இன்றைக்கும் அவள் முதுகில் ஊர்கிறது.

தடை முடிந்ததும் அணியை மறுபடி நிறுத்தியவள் அவள். சுவரில் அந்த மூன்று வருட இடத்தை வெறுமையாகவே விட்டுவைத்தாள். படங்களை நகர்த்தி அடைத்துவிடலாமே என்று தலைமை ஆசிரியர் சொன்னதற்கு, "வேண்டாம், இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். இப்படிப்பட்டவள்தான் ஒரு மஞ்சள் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

நடந்தது இதுதான். பிப்ரவரி கடைசியில் ஹாவ்லிக் பள்ளி ஒரு சின்னப் போட்டியை நடத்தியது. கேள்விகளை விற்கும் நிறுவனம் பதினான்கு சுற்றுக்குப் பதினான்கு கவரும், கையெழுத்துக்கு அந்த மஞ்சள் தாளும் அனுப்பியது. பதினொன்றுதான் தேவைப்பட்டது. மூன்று மீந்துவிட்டது. மீந்த கவரை அடுத்த பயிற்சியில் பிரித்து வைத்துக்கொண்டு, கொலாச் என்ற பழம் வைத்த பன்னைத் தின்றபடி படிப்பது பட்டறை வாத்தியார் காலத்து வழக்கம். பிள்ளைகள் அதற்கு 'மிச்சம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மாலை வெண்டல் ஹ்ரூபி அறைக்குள் நுழையும்போதே கூவினான். "கோச், மிச்சம் எங்க? பசி உயிர் போகுது."

"கொலாச் அந்தப் பெட்டியில இருக்கு பாரு. ஆப்ரிகாட் பழம் வச்சது, கசகசா வச்சது ரெண்டும் இருக்கு."

"அதை யாரு கேட்டா? நான் கேள்வியக் கேட்டேன்."

"ரெண்டு கையிலயும் கொலாச்ச வச்சிக்கிட்டு இவன் பேசற பேச்சப் பாரு" என்றாள் தெஸ்ஸா மாரெக். அவள்தான் கேப்டன். பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியில் கடைசி வருடம். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதற்கு மேல் பேச்சு இருக்காது.

லோரெய்ன் கையில் அகப்பட்ட ஒரு கவரைக் கிழித்தாள். பதிமூன்றாவது. ஒவ்வொரு கேள்வியும் கடினமான குறிப்பில் தொடங்கி, போகப் போக எளிதாகும். தெரிந்தவன் நடுவிலேயே அழுத்தலாம். முதல் கேள்வி, "இந்த ஏரியில் வாழும் ஒரு மீனின் உடம்பு கண்ணாடிபோல் இருக்கும், அதில் பெரும்பங்கு கொழுப்பு..." என்று ஆரம்பித்தது. பத்தாம் வகுப்பு நோயே இபாரா அவசரப்பட்டு அழுத்தி, "டிட்டிகாக்கா!" என்றான்.

"டேய், உனக்கு எந்தக் கேள்வி வந்தாலும் டிட்டிகாக்காதானா? உங்க அத்தை பேரு என்னன்னு கேட்டாலும் டிட்டிகாக்கான்னுதான் சொல்லுவ" என்றான் வெண்டல். ஒன்பதாம் வகுப்பு கோரா சிரித்துச் சிரித்துக் கசகசாவை மேசையெல்லாம் துப்பினாள். விடை பைக்கால் ஏரி. இருபது கேள்வியையும் படித்து முடித்தார்கள். நல்ல மாலை அது.

வெள்ளிக்கிழமை மேசையை ஒழுங்குபடுத்தும்போதுதான் அந்த மஞ்சள் தாளின் நகல் கிடைத்தது. பயன்படாத கவர்களைப் பிரிக்கக் கூடாது, உடனே திருப்பி அனுப்ப வேண்டும், பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு ஆகிய சுற்றுகள் மண்டல இறுதிப் போட்டிகளில் பயன்படலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே அவள் கையெழுத்து. மண்டலப் போட்டி மறுநாள் சனிக்கிழமை.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். வெளியே எடுத்துத் திரும்பப் படித்தாள். போட்டியை நடத்தும் பெக்வித்தின் எண்ணை மூன்று முறை தொலைபேசியில் அழுத்தி மூன்று முறையும் மணி அடிக்கும் முன் வைத்துவிட்டாள். என்ன சொல்வது? 'ஹாவ்லிக் கோச் பேசறேன். கேள்வித்தாளை முன்னாடியே பாத்துட்டோம்' என்றா? ஹாவ்லிக்கிலிருந்து அப்படி ஒரு போன் போனால், கேட்கிறவன் மனதில் முதலில் யார் பெயர் வரும்? கெஸ்லர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் பெயர் மட்டும் சாகவில்லை.

மூன்று கவரில் ஒன்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஒன்று வந்தால்தானே? அதுவும் நாம் இறுதிச் சுற்றுக்குப் போனால்தானே?

சனிக்கிழமை காலை, ஆஷ்டன் நகரப் பள்ளியின் உணவுக்கூடத்தில் பதினாறு அணிகள் கூடியிருந்தன. பெக்வித் நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். வருடா வருடம் சொல்வதையே சொன்னார். "ஏற்கெனவே கேட்ட கேள்வி எதாவது காதுல விழுந்தா கையத் தூக்குங்க. வெக்கப்பட வேணாம். வேற கவர் வச்சிருக்கேன், மாத்திப் படிச்சுக்கலாம்." பாதிப் பேர் கேட்கவில்லை, காப்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள். லோரெய்ன் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தாள். பக்கத்து மேசையில் நாலைந்து கோச்சுகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

அன்றைக்கென்று பிள்ளைகள் பிய்த்து உதறினார்கள். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதும் ஜெயித்தார்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் அவள் கைதட்டினாள். அரையிறுதியில், கடவுளே, இவர்கள் தோற்றுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எந்தக் கோச்சாவது இப்படி வேண்டுவாளா? வேண்டினாள். கடைசிக் கேள்வியில் நோயே ஒரு நதியின் பெயரைச் சரியாகச் சொல்லி அணியைப் பதினைந்து புள்ளியில் ஜெயிக்க வைத்தான். ஓடி வந்து, "கோச், டிட்டிகாக்கா சொல்லல பாத்தீங்களா!" என்று அவளைக் கட்டிக்கொண்டான். அவளும் கட்டிக்கொண்டாள். இதயம் அடித்துக்கொண்டதை அவன் சந்தோஷம் என்று நினைத்திருப்பான்.

இறுதிப் போட்டி நூலகத்தில். எதிரே ஆஷ்டன் நார்த், பெரிய பள்ளி. அவர்கள் கோச் கில்மோர் ஆறடி உயரம், எப்போதும் புன்னகை. ஐம்பது அறுபது பேர் நின்றும் உட்கார்ந்தும் பார்த்தார்கள். கோராவின் அப்பா டிராக்டர் கம்பெனித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். இரண்டு மேசை, நான்கு நான்கு பஸ்ஸர், நடுவில் கேள்வி வாசிக்கும் இளம்பெண்.

பெக்வித் மூன்று கவரோடு வந்தார். அவற்றைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்து, ஒன்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். லோரெய்ன் கழுத்தை நீட்டினாள். கவர் மேல் கறுப்பு மையில் எண். 'ஒன்று' தெரிந்தது. அடுத்த எண்ணை அந்தப் பெண்ணின் கட்டைவிரல் மறைத்திருந்தது. நகத்தில் ஊதாச் சாயம். அந்த விரல் நகரவே இல்லை. கவர் கிழிந்தது, தாள் வெளியே வந்தது, கவர் கீழே குப்பைக் கூடைக்குள் போனது.

"முதல் கேள்வி" என்றாள் அந்தப் பெண். "இந்த ஏரியில் வாழும் ஒரு மீனின்..."

சிவப்பு விளக்கு எரிந்தது. வெண்டல்.

அவன் அழுத்தினான் என்று சொல்ல முடியாது, விரல் தானாகப் போய்விட்டது. ஏரி என்ற சொல்லும் மீன் என்ற சொல்லும் சேர்ந்ததும் வியாழக்கிழமைச் சிரிப்பு ஞாபகம் வந்திருக்கும். வாய் திறந்தபடி தன் கையையே பார்த்தான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "பைக்கால்" என்றான், காற்றுப்போன குரலில்.

வாசித்த பெண் தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ச... சரி. பத்துப் புள்ளி." கூட்டம் ஒரு கணம் அசந்துபோய், பிறகு படபடவென்று கைதட்டியது. கில்மோர் புருவத்தைத் தூக்கி, சிரித்துக்கொண்டே லோரெய்னைப் பார்த்துத் தலையாட்டினார். பாராட்டுத்தான். அவளுக்கு அது 1996-இன் பார்வையாகத் தெரிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டான், இதோ எழுந்து நின்று சொல்லப்போகிறான் என்று நினைத்தாள்.

சரியாகச் சொன்ன அணிக்கு மூன்று துணைக் கேள்விகள் உண்டு. அதற்குக் கேப்டன்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண் அடுத்த வரியைத் தொடங்கும் முன் தெஸ்ஸா கையைத் தூக்கினாள்.

பஸ்ஸரில் இருந்த கை அல்ல, இடது கை. நேராக, வகுப்பில் தூக்குவதுபோல்.

"சொல்லுங்க கேப்டன், என்ன?"

தெஸ்ஸா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. லோரெய்னைப் பார்த்தாள். 'நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா' என்று அந்தக் கண் கேட்டது. இதற்கு மேல் தெளிவாக ஒரு பார்வை இருக்க முடியாது. நூலகத்தில் இருந்த அத்தனை தலையும் லோரெய்ன் பக்கம் திரும்பியது.

லோரெய்ன் தலையை அசைத்தாள். இல்லை என்று. மிகச் சிறிதாக, சட்டைக் காலர் உறுத்தினால் அசைப்பதுபோல். அசைத்த பிறகுதான் அசைத்தது அவளுக்கே தெரிந்தது.

தெஸ்ஸா கையை இறக்கினாள். "ஒண்ணுமில்ல. தண்ணி வேணும்."

தண்ணீர் வந்தது. அவள் குடிக்கவில்லை. மூன்று துணைக் கேள்விக்கும், "தெரியாது", "தெரியாது", "தெரியாது" என்றாள். மூன்றாவது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விடை. கூட்டத்தில் யாரோ, "அடடே, பதட்டம் போல" என்றார்கள். தெஸ்ஸா பஸ்ஸரை மேசையில் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். வெண்டலும் வைத்தான். நோயே வைத்தான். கோரா தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஹாவ்லிக் பக்கம் விளக்கே எரியவில்லை. துத்தநாகத் தாதுவில் கண்டுபிடித்த, உள்ளங்கைச் சூட்டில் உருகும் உலோகம் வந்தது. வியாழக்கிழமை தெஸ்ஸா மூன்றாவது சொல்லிலேயே சொன்ன விடை. இப்போது கேள்வி முழுக்க ஓடி, ஆஷ்டன் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி, "கேலியம்?" என்றான். பிறகு ஒரு போர், ஒரு ஓவியர், ஒரு கணக்கு. நான்கு பிள்ளைகளும் சிலை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

லோரெய்னுக்கு எல்லாம் புரிந்தது. அவர்கள் ஏமாற்ற மறுக்கிறார்கள். அவளைக் காட்டிக்கொடுக்கவும் மறுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வேறு வழி தெரியாமல், அத்தனை பேர் பார்க்கத் தோற்கிறார்கள். எழுந்து நின்று நான்கு சொல் சொன்னால் போதும். எழுந்திருக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. தோற்றவர்களை யாரும் விசாரிக்க மாட்டார்கள். அப்படி நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அருவருப்பையும் மீறிப் பயம்தான் நின்றது.

இடைவேளையில் பத்துக்கு நூற்று நாற்பத்தைந்து. கோச்சோடு பேசிக்கொள்ள இரண்டு நிமிடம். பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"கோச், சத்தியமா நான் வேணும்னு அழுத்தல. கை தானா போயிடுச்சு" என்றான் வெண்டல். எப்போதும் வாயாடும் பையனுக்கு உதடு துடித்தது.

"தண்ணி குடி."

"கோச், அது நாம வியாழக்கிழமை..."

"அடுத்த பாதியப் பாருங்க" என்றாள் அவள், சட்டென்று. பின்னால் கில்மோர் கேட்கும் தூரத்தில் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். அவர் காகிதப் பையில் சிப்ஸும் கறியும் கலந்து முட்கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "உங்க பையன் என்னா வேகம்! பைக்காலுக்கு எங்க பசங்க அரண்டு போயிட்டாங்க" என்றார். லோரெய்ன் சிரிக்க முயன்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

மணி அடித்ததும் தெஸ்ஸா முதலில் திரும்பி நடந்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள்.

இரண்டாம் பாதியில் நான்காவது கேள்வியோடு வாசிக்கும் பெண் நிறுத்திவிட்டாள். "ஒரு நிமிஷம். ஹாவ்லிக் பக்கம் பஸ்ஸர் வேலை செய்யலைன்னு நினைக்கிறேன். ஒவ்வொருத்தரா அழுத்துங்க பாப்போம்."

தெஸ்ஸா அழுத்தினாள். சிவப்பு. வெண்டல், சிவப்பு. நோயே, சிவப்பு. கோரா கையை அடியிலிருந்து எடுக்க நேரம் பிடித்தது, விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவளும் அழுத்தினாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது. பெக்வித் சுவரிலிருந்து முதுகை எடுத்து, கக்கத்துக் கவர்களைக் கைக்கு மாற்றிக்கொண்டு, லோரெய்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. ஏதாவது இருக்கா என்று கேட்கும் பார்வை. மூன்றாவது தடவையாக அவளுக்கு வழி திறந்து கிடந்தது. கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். கையில் அந்த மஞ்சள் தாள்தான் பட்டது.

"பஸ்ஸர் நல்லாதான் இருக்கு. தொடரலாம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வாசித்தாள்.

கோரா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல். துடைக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டுமே. அவள் அப்பா தொப்பியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். மகளுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கு விளங்கவில்லை, கேட்கவும் கூடாது. பதினெட்டாம் கேள்விக்கு இரண்டு பக்கமும் யாரும் அழுத்தவில்லை. அது நோயேயின் கேள்வி. அவன் தாத்தா பிறந்த ஊரைப் பற்றியது. வியாழக்கிழமை அதற்காக மேசை மேல் ஏறி ஆடியவன், இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்துக்கு முந்நூற்று முப்பது. ஹாவ்லிக் அணியின் நாற்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு கணக்கு எழுதப்பட்டதில்லை. இரண்டு கோச்சுகளும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து விழுந்தால் முடிவு முடிவுதான், அதற்குப் பிறகு முறையீடு கிடையாது. ஆஷ்டன் பிள்ளைகள் ஜெயித்தும் முழுதாகச் சிரிக்கத் தெரியாமல் வந்து கைகொடுத்தார்கள்.

பிள்ளைகள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் பெக்வித் அவள் பக்கத்தில் வந்தார். "பசங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, லோரெய்ன்? சாப்பாடு ஏதும் ஒத்துக்கலையா?"

அன்பாகக் கேட்டுவிட்டார். அதை அவளால் தாங்க முடியவில்லை. மஞ்சள் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். இதோ இப்போது அந்தப் பார்வை வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரவில்லை. பெக்வித் தாடியைச் சொறிந்தார். "இந்தத் தாளா? இதை எவன் படிக்கிறான்? இந்த வருஷம் மட்டும் எட்டு ஸ்கூல் இதே மாதிரிப் பிரிச்சுட்டு எனக்குப் போன் பண்ணிட்டாங்க. கவர மாத்திட்டேன், அவ்வளவுதான்." கையிலிருந்த இரண்டு கவர்களைக் காட்டினார். பன்னிரண்டு, பதினான்கு. முத்திரை உடையாதவை. "ரெண்டு நிமிஷ வேலை. அந்தப் பொண்ணு கையத் தூக்கினப்பவே ஒண்ண மாத்திக் கொடுக்கத் தயாராதான் நின்னேன்."

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

"கையெழுத்துப் போட்டாச்சே" என்றார் அவர். பிறகு, "கெஸ்லர் விஷயமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "அட, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு லோரெய்ன்? இந்த வாத்தியாருங்கள்ல பாதிப் பேர் அப்போ டயப்பர்ல இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, தாளை அவளிடமே கொடுத்துவிட்டு, ஜெயித்த அணிக்கு வெற்றிக் கோப்பையைக் கொடுக்கப் போனார்.

இருபத்தெட்டு வருடம் அவளை எண்ண வைத்தது, பூட்டைச் சரிபார்க்க வைத்தது, தூக்கத்தைக் கெடுத்தது, எல்லாம் அவளுக்கு மட்டும் ஞாபகமிருந்த ஒன்று. நூலகத்தில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தாள்.

வாகன நிறுத்தத்தில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. மூன்று மணி வெயில். மஞ்சள் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. நான்கு பேரும் நான்கு இருக்கையில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கோரா மட்டும் வெண்டலின் கோட்டைப் போர்த்தியிருந்தாள். லோரெய்ன் உள்ளே ஏறினாள். இந்த முறை எண்ணவில்லை.

"பெக்வித் கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "தப்பு என்னுது. உங்க மேல ஒரு குறையும் கிடையாது. அவருக்கு எல்லாம் தெரியும்."

நோயே பெருமூச்சு விட்டான். "உங்க வேலை போயிடுமா கோச்? கெஸ்லருக்குப் போச்சுன்னு எங்கப்பா சொன்னாரு. அதான் நாங்க..."

"இல்ல. ஒண்ணும் ஆகாது."

"எப்ப சொன்னீங்க?" என்றாள் தெஸ்ஸா. ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை.

"இப்பதான்."

"முன்னாடியே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்களாம்?"

பொய் சொல்ல லோரெய்னுக்கு ஆசையாக இருந்தது. "கவர மாத்தியிருப்பாங்க. ரெண்டு நிமிஷம்."

தெஸ்ஸா இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது, அழவில்லை. நான்கு வருடம் இந்தப் பேருந்தில் வந்தவள். இனி அவளுக்கு ஆட்டம் கிடையாது.

"நான் கையத் தூக்கினேனே, கோச்."

"தெரியும்மா. எனக்கு... எனக்குப் பயமா இருந்துச்சு."

"எங்களுக்கும்தான் இருந்துச்சு" என்றாள் தெஸ்ஸா.

டிரைவர் கதவை மூடி, கண்ணாடியில் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.